போர்வெல் தண்ணீர் உப்புக்கறை, சிம்னிப் பிசுக்கு: ஆசிட் இல்லாமல் எடுக்க வழி உண்டா?

தாழ்வாரம்:
வணக்கம். வீடு முழுக்க போர்வெல் தண்ணீர்தான். குளியலறை டைல்ஸிலும் குழாயிலும் வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்து கிடக்கிறது. டாய்லெட் ஆசிட் ஊற்றினால் போகிறது, ஆனால் அந்த நெடியில் நிற்க முடியவில்லை. தவழ்கிற குழந்தை வேறு இருக்கிறது. வினிகரும் சமையல் சோடாவும் கலந்து ஊற்றினால் நன்றாகப் பொங்குகிறது, கறை மட்டும் அசையவில்லை. கூடத்தில் பழைய மொசைக் தரை. அடுப்படியில் சிம்னி வலை முழுக்கப் பிசுக்கு. ஆரஞ்சுத் தோலை நொதிக்கவைத்துச் செய்யும் பயோ என்சைம் என்ற துடைக்கும் திரவத்துக்கும் சரியான அளவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்கல்:
வினிகரையும் சோடாவையும் ஒன்றாக ஊற்றுவதை முதலில் நிறுத்துங்கள். ஒன்று அமிலம், மற்றது காரம். சேர்ந்ததும் ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும். பொங்குவது வெறும் கார்பன் டை ஆக்சைடு. அது அடங்கியபின் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர், அதற்குக் கறையைக் கரைக்கும் திறன் கிடையாது.

போர்வெல் உப்புக்கறை என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதோடு சோப்பு அழுக்கும் ஒட்டியிருக்கும். இதற்கு அமிலம்தான் வேண்டும், ஆனால் கடை ஆசிட் அளவுக்குக் கடுமையானது வேண்டாம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், வாங்கி அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் கரையுங்கள். நெடியே இருக்காது. கையுறை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், கையில் கீறல் இருந்தால் எரியும்.

சுவரில் தெளித்தால் வழிந்து ஓடிவிடும், பலரும் தோற்பது இந்த இடத்தில்தான். பழைய பருத்தித் துணியை இந்தக் கரைசலில் நனைத்துச் சுவரில் ஒட்டவைத்து 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். பிறகு நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். அடை தடியாக இருந்தால் ஒரே தடவையில் போகாது, மறுபடி ஒட்டவையுங்கள். ஒட்டுவதற்கு முன் சுவரை வெறும் தண்ணீரால் நனைப்பது அவசியம். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் வெள்ளை சிமெண்ட்டையும் அமிலம் அரிக்கும், அது முன்பே தண்ணீர் குடித்திருந்தால் அமிலத்தை அவ்வளவாக உறிஞ்சாது.

குரோம் பூச்சுக் குழாய்க்கு 10 நிமிடம் போதும். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் பூச்சு மங்கி உரியும்.

மொசைக்கில் இதைக் காட்டவே கூடாது. மொசைக் என்பது பளிங்குச் சில்லும் சிமெண்ட்டும், அதாவது உங்கள் கறையில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட்தான். எலுமிச்சை, வினிகர், பயோ என்சைம் எதுவானாலும் பளபளப்பைத் தின்றுவிடும். அப்படிப் போனால் மறுபடி பாலிஷ் போடுவது ஒன்றுதான் வழி.

அரப்பு:
மொசைக்குக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் நல்லது. விதை நீக்கிய ஓடு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர். இரவு ஊறவைத்து, காலையில் சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். நுரை ஏறி வழியும், அதனால் மூன்று லிட்டராவது கொள்ளும் பாத்திரம் வேண்டும். ஆறியதும் கையால் பிசைந்து துணியில் வடிகட்டுங்கள். ஒரு வாளித் தண்ணீருக்கு 50 முதல் 100 மில்லி போதும். சோப்பு மாதிரி உப்புத் தண்ணீரோடு சேர்ந்து திரியாது, போர்வெல் வீடுகளுக்கு அதுதான் பெரிய வசதி. வெளியே வைத்தால் இரண்டு நாளில் புளித்துவிடும். பிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், ஐஸ் தட்டில் உறையவைத்தால் இன்னும் அதிகம். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மீன்களுக்கு நஞ்சு, குளத்திலோ மீன்தொட்டியிலோ போய்ச்சேரும்படி ஊற்றாதீர்கள்.

பயோ என்சைமுக்கு வெல்லம் 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு, எல்லாம் எடைக் கணக்கு. வெல்லம் 100 கிராம், ஆரஞ்சு அல்லது சாத்துக்குடித் தோல் 300 கிராம், தண்ணீர் 1 லிட்டர் என்றால் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் சரியாக இருக்கும், மேலே காலியிடமும் கிடைக்கும். கண்ணாடி வேண்டாம், வாயு சேர்ந்து வெடிக்கும். முதல் மாதம் தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றை விட்டு, தோலை அமுக்கி மூடுங்கள். பிறகு வாரம் ஒருமுறை போதும். மொத்தம் மூன்று மாதம்.

மேலே வெள்ளைப் படலம் வந்தால் பயம் இல்லை, கலக்கிவிடுங்கள். அழுகல் வாடை அடித்தால் வெல்லம் போதவில்லை என்று அர்த்தம், இன்னொரு 100 கிராம் சேர்த்து ஒரு மாதம் கூட விடுங்கள். கறுப்புப் பூஞ்சை பஞ்சு பஞ்சாக வந்தால் மொத்தத்தையும் உரக்குழிக்கு அனுப்பிவிடுவதே நல்லது. தோல் தண்ணீருக்கு மேலே மிதந்து காய்வதுதான் பூஞ்சைக்குக் காரணம். ஊறுகாய் எலுமிச்சையைப் போடாதீர்கள், உப்பு நொதியவிடாது.

டைல்ஸ் தரை துடைக்க 1 லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி. கழிப்பறைக் கோப்பையில் கலக்காமல் 200 மில்லி ஊற்றி இரவு முழுக்க விடலாம். வாடைக்கும் லேசான கறைக்கும் நன்றாகக் கேட்கும். தடித்த உப்பு அடைக்கு இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், சுண்ணாம்புக்கல் சொன்ன எலுமிச்சை உப்புதான் வேகம்.

கரண்டி:
சிம்னி வலை எந்த உலோகம் என்று கையேட்டில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். எவர்சில்வர் என்றால் 5 லிட்டர் கொதிநீரில் 100 கிராம் சலவை சோடா போட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள். சூடும் காரமும் சேர்ந்து எண்ணெய்ப் பிசுக்கை சோப்பாக மாற்றி இளக்கிவிடும், தண்ணீர் ஆறிவிட்டால் பாதிதான் போகும். தடிமனான கையுறை கட்டாயம். அலுமினிய வலையை இதில் போட்டால் கறுத்து அரிக்கும், அதற்கு வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் மட்டும்.

சலவை சோடா கிடைக்காவிட்டால் சமையல் சோடாவை எவர்சில்வர் தட்டில் மெல்லிசாகப் பரப்பி 200 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வைத்தால் அதுவே சலவை சோடாவாகிவிடும். 100 கிராம் வைத்தால் சுமார் 63 கிராம்தான் மிஞ்சும். எடை குறையவில்லை என்றால் இன்னும் முழுதாக மாறவில்லை.

தாழ்வாரம்:
மூவருக்கும் நன்றி. கழிப்பறையில் வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போடுவது வழக்கம். அதன் மேலேயே எலுமிச்சை உப்புக் கரைசலை ஊற்றினால் வேலை சீக்கிரம் முடியுமா?

சுண்ணாம்புக்கல்:
கூடவே கூடாது! பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும். எலுமிச்சை உப்பு, வினிகர், பயோ என்சைம் எல்லாமே இதில் அடக்கம். "இயற்கை" என்பதால் இந்த விஷயத்தில் சலுகை இல்லை. சின்னக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு கலந்தால் நுரையீரல் பாதிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நாள் இது, ஒரு நாள் அது என்று பிரித்துக்கொள்ளுங்கள், நடுவில் இரண்டு மூன்று முறை ஃப்ளஷ் செய்யுங்கள்.

அதற்காக பிளீச்சை அடியோடு விட்டுவிடவும் வேண்டாம். மேலே சொன்ன எதுவும் நம்பகமான கிருமிநாசினி இல்லை. வீட்டில் யாருக்காவது வாந்திபேதி என்றால், 5 சதவீதத் திரவ பிளீச்சில் 20 மில்லியை எடுத்துத் தண்ணீர் சேர்த்து 1 லிட்டராக்குங்கள். அழுக்கை முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து எடுத்துவிட்டு, இதைத் தடவி 10 நிமிடம் ஈரம் காயாமல் விடுங்கள். குழந்தை தவழும் இடமானால் பிறகு வெறும் தண்ணீரால் இருமுறை துடையுங்கள். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள், கலந்து வைத்தால் வீரியம் இறங்கிவிடும்.