‘டீஹேஸ்’: மூடுபனி நீக்கியா, மூட்டத் தணிப்பா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

ஒளிப்படச் செயலியின் தமிழாக்கத்தில், படத்தின் மங்கலைக் குறைக்கும் ‘டீஹேஸ்’ (dehaze) வசதிக்கு ‘மூடுபனி நீக்கி’ என்று தந்திருக்கிறீர்கள். அதில் ‘மூடுபனி’, ‘நீக்கி’ இரண்டுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து.

மூடுபனி நீர்த்துளிகளால் ஆனது. பார்வைத் தொலைவு 1 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் வானிலையாளர்கள் அப்படிச் சொல்வார்கள். ஹேஸ் என்பதோ புகை, தூசி போன்ற உலர்ந்த துகள்களால் வருவது. படமெடுக்கும்போதே இந்த வேறுபாடு தெரியும்: சூரியனுக்குச் செங்கோணத் திசையில் போலரைசர் வடிகட்டி (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி) போட்டால் உலர்ந்த மூட்டம் ஓரளவு விலகும், மூடுபனியில் அது அவ்வளவாகப் பலிக்காது. 2013 ஜூனில் சுமத்ராவின் தீப்புகை சிங்கப்பூரைச் சூழ்ந்து, காற்று மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. அங்குள்ள தமிழ்ச் செய்திகளில் அதற்குப் ‘புகைமூட்டம்’ என்றே பெயர். பனிமூட்டமும் மேகமூட்டமும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை. எனவே ‘மூட்டம்’ என்று பொதுவாக வைத்துவிடலாம். பனியா புகையா என்று செயலி பார்ப்பதில்லை.

‘நீக்கி’தான் பெரிய சிக்கல். தூரத்து மலையிலிருந்து புறப்படும் ஒளி வழியில் தேய்ந்து காமிராவுக்கு வருகிறது. அதனுடன், இடையிலுள்ள துகள்கள் சிதறடித்த ஒளியும் வந்து சேர்கிறது. தொலைவு கூடக்கூட முதலாவது மெலிந்து இரண்டாவது மேலோங்கும். செயலி இரண்டாவதை ஊகித்துக் கழிக்கிறது, மிஞ்சியதைப் பெருக்குகிறது. மிஞ்சியது ஏதாவது இருந்தால்தானே பலன்? கோத்தகிரிப் பக்கம் பனிக்காலையில் எடுத்த தேயிலைச் சரிவுப் படம் ஒன்றில், அளவைக் கூட்டிக் குறைக்கும் டீஹேஸ் பட்டையை வலப்பக்கம் நன்றாக இழுத்துப் பாருங்கள். முன்வரிசைச் சில்வர் ஓக் மரங்கள் கருமை பெற்று எழும்பும். நடுவரிசையில் இலைப்பச்சை மீளும். பின்வரிசை இருக்கவேண்டிய இடத்தில் புள்ளிபுள்ளியான இரைச்சலும், முகட்டோரம் வெளிறிய விளிம்பும்தான் கிடைக்கும். பனி விழுங்கிவிட்ட மரத்தை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. ‘நீக்கி’ என்று பெயர் வைத்தால் புதிதாகப் பழகுபவர் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் படத்தைக் கெடுத்துக்கொள்வார்.

என் முன்மொழிவு: மூட்டத் தணிப்பு. வெயில் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது என்கிறோம். முற்றாகப் போய்விட்டதாக யாரும் புரிந்துகொள்வதில்லை. பட்டையை இடப்பக்கம் தள்ளினால் மூட்டம் கூடும் என்பதையும் எதிர்மத் தணிப்பாக விளக்கிவிடலாம்.

—

வணக்கம்.

‘தணிப்பு’ சரியாகவே இருக்கிறது. ‘மூட்டம்’ என்றதும் எங்கள் ஊரில் வாழைத்தாரைப் பழுக்கவைக்கப் போடும் புகைமூட்டம்தான் நினைவுக்கு வரும்; ஆனாலும் ஒளிப்படத்தில் குழப்பம் வராது. ‘மூட்டம்’ என்று மட்டும் சுருக்கலாமா என்றும் யோசித்தேன். அப்போது பட்டையில் எண் ஏறஏற மூட்டம் குறையும், பெயர் தலைகீழாகிவிடும். ஆகவே உங்கள் சொல்லையே சேர்க்கிறேன்.

துகள்கள் சிதறடிக்கும் அந்த இரண்டாவது ஒளிக்கும் உதவிக்குறிப்பில் ஒரு சொல் வேண்டும். ‘சிதறொளி’ போதுமா, அல்லது வானத்தின் நீலத்துக்கும் அதையே சொல்வார்கள் என்பதால் ‘இடைச்சிதறொளி’ என்று வைக்கலாமா?