லண்டன் அக்காவும் அத்தானும் இங்க பிள்ளை தத்தெடுக்க வெளிக்கிடினம், நான் என்ன செய்ய?

கடற்கரைவீதி:
வணக்கம், நான் வெள்ளவத்தை. அக்காவுக்கு 41, அத்தானுக்கு 44, ரெண்டு பேரும் பிரிட்டிஷ் சிற்றிசன். நாலு தரம் ஐவிஎஃப் செய்து சரிவரேல்ல, இனிக் காணும் எண்டு போட்டு இங்க ஒரு பிள்ளையைத் தத்தெடுப்பம் எண்டு முடிவெடுத்திட்டினம். போன கிழமை கோல் எடுத்து, நீ கொழும்பிலதானே இருக்கிறாய், ரெண்டு மூண்டு சிறுவர் இல்லத்துக்குப் போய்ப் பாத்து ஃபோட்டோ அனுப்பன் எண்டு அக்கா கேட்டவ. எனக்கு அது என்னவோ மாதிரிக் கிடக்கு, சீலைக் கடையில நிண்டு வீடியோ கோல்ல நிறம் காட்டுற மாதிரி. அம்மா வேற பக்கத்தில நிண்டு "எந்தப் பக்கத்துப் பிள்ளையெண்டு வடிவா விசாரி" எண்டுறா, அவ என்னத்தைக் கேக்கிறா எண்டு எங்கட ஆக்களுக்கு விளங்கும். போகவா விடவா?

பம்பலப்பிட்டி_பெடியன்:
போங்கோ அக்கா, இதில என்ன யோசினை. ஒரு பிள்ளைக்கு வீடு கிடைக்குது, ஒரு வீட்டுக்குப் பிள்ளை கிடைக்குது. என்ட சிநேகிதன்ட மாமிக்கு ஒரு இல்லத்து மேட்ரனை நல்லாத் தெரியும், வேணுமெண்டா கேட்டுச் சொல்றன். சும்மா கந்தோர் வழிய அலைஞ்சா அக்காவுக்கு அம்பது வயசாகீடும்.

தேத்தண்ணி:
தம்பி, அந்த "நல்லாத் தெரியும்"ல தான் எல்லாம் ஆரம்பிச்சது. நான் கொட்டாஞ்சேனை, சொந்த ஊரு அட்டன் பக்கம். எங்க பெரியம்மா 80கள்ல ஒரு பொம்பளப் புள்ளய குடுத்தாங்க, குடுத்தாங்கன்னு சொல்றதா வாங்கிட்டாங்கன்னு சொல்றதான்னு இன்னைக்கும் வீட்ல சண்ட. தெரிஞ்ச ஒரு அம்மா வந்து "நல்லா படிக்க வைப்பாங்க, லெட்டர் போடுவாங்க"ன்னு சொல்லி கூட்டிட்டுப் போச்சு, ஒரு லெட்டரும் வரல. அந்தக் காலத்துல ஐரோப்பாவுக்குப் போன புள்ளைங்க கிட்டத்தட்ட 11,000ன்னு சொல்றாங்க. 2017ல டச்சு டீவி ஒன்னு தோண்டி எடுத்து போட்டுச்சு, விக்கிறதுக்காகவே புள்ளைங்கள வச்சிருந்த பேபி ஃபார்ம், பொய்யான பொறப்புப் பத்திரம், கோட்ல தாய் மாதிரி நிக்கிறதுக்கு காசு குடுத்து வேற பொம்பளைங்க. இப்ப அந்தப் புள்ளைங்க நாப்பது வயசுல வந்து ஃபைல்ல இருக்கிற பேர வச்சு தேடுறாங்க, அந்தப் பேர்ல உள்ள பொம்பள "நான் இவள பெக்கவே இல்ல"ன்னு சொல்லுது. எங்க பெரியம்மாவ தேடி யாராவது வந்தாலும் எந்தப் பேர வச்சு வருவாங்க?

பம்பலப்பிட்டி_பெடியன்:
கவலைதான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா 80ல ஆரோ செய்த களவுக்கு இண்டைக்கு இல்லத்தில படுக்கிற பிள்ளை ஏன் தண்டம் கட்டோணும்? அது பதினெட்டு வயசில ஒரு பேக்கோட றோட்டில நிக்கேக்க நீங்கள் வந்து பாப்பீங்களோ?

தேத்தண்ணி:
நியாயமான கேள்வி. ஆனா இல்லத்துல இருக்கிற எல்லாத்தையும் அநாதைன்னு நெனச்சுக்காதீங்க. நெறைய புள்ளைங்களுக்கு தாயோ தகப்பனோ உயிரோட இருக்காங்க, கஷ்டத்துல கொண்டு வந்து விட்டுட்டு மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போவாங்க. அதுல ஒன்ன நீங்க ஃபோட்டோ புடிச்சு லண்டனுக்கு அனுப்பினா?

ஃபைல்_அக்கா:
நான் இந்த வேலைகளோட கன வருசம் இழுபட்டனான், இப்ப பென்சன். சண்டை பிடிக்க முதல் சட்டத்தைக் கேளுங்கோ. இங்கத்தையத் தத்தெடுப்புச் சட்டம் 1941ம் ஆண்டின்ர 24ம் இலக்கக் கட்டளைச் சட்டம். தத்தெடுக்கிறவைக்கு 25 வயசு தாண்டியிருக்கோணும், பிள்ளையை விட 21 வயசாவது கூட இருக்கோணும், பிள்ளை 14 வயசுக்குக் கீழ. வெளிநாட்டு ஆக்களுக்குக் குடுக்கிறதை 1992ல திருத்தம் கொண்டு வந்து நல்லா இறுக்கினவை, தேத்தண்ணி சொன்ன கூத்துகளாலதான். அதுக்குப் பிறகு 1995ல ஹேக் உடன்படிக்கையும், அதாவது நாடு விட்டு நாடு பிள்ளை தத்தெடுக்கிறதுக்கான சர்வதேச ஒப்பந்தமும், இங்க வந்திட்டுது. அதின்ர 29ம் பிரிவில வடிவாக் கிடக்கு, சொந்தத்துக்குள்ள தத்தெடுத்தால் ஒழிய, தேவையான சம்மதம் தகுதியெல்லாம் சரிபாத்து முடிய முதல் தத்தெடுக்க வாறவைக்கும் பிள்ளையின்ர தாய் தகப்பன், பிள்ளையைப் பராமரிக்கிறவைக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. அப்ப மேட்ரனோட மாமி கதைக்கிறது என்ன கணக்கு தம்பி? பிள்ளையைப் பொருத்தி விடுறது பத்தரமுல்லையில இருக்கிற நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களம், நீங்களோ நானோ இல்லை.

அக்கா முதல்ல தொடங்க வேண்டிய இடம் லண்டன். அங்க சோசல் வேர்க்கர் வீட்டுக்கு வந்து வருமானம், வருத்தம், பொலிஸ் றிப்போட், ரெண்டு பேரும் என்னத்துக்குச் சண்டை பிடிக்கிறவை எண்டது மட்டும் கிளறிக் கேட்டு எழுதுவா. அது சரியெண்டா அந்த அரசாங்கம் தகுதிச் சான்றிதழ் குடுக்கும், பிறகுதான் ஃபைல் இங்க வரும், பிறகு ரெண்டு பேரும் வந்து கோட்ல நிக்கோணும். இதெல்லாத்தையும் விட்டிட்டு இங்க ஒரு பேப்பரைச் செய்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனா அங்கத்தைய 2002ம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்ர 83ம் பிரிவில குற்றம், மறியலுக்கும் போகலாம்.

பம்பலப்பிட்டி_பெடியன்:
அக்காட்ட இலங்கைப் பாஸ்போட்டும் இருந்தா உள்ளூர் ஆள் எண்டு போடேலாதோ?

ஃபைல்_அக்கா:
ஏலாது. ஹேக்கில பாஸ்போட் இல்லை, எங்க குடியிருக்கிறீர் எண்டதுதான் கேள்வி. இதையும் அக்காவுக்குச் சொல்லி வையுங்கோ, இங்க பிள்ளையில்லாத உள்ளூர்ச் சோடிகளே வருசக் கணக்காக் காத்துக்கொண்டிருக்கினம், அவைக்குத்தான் முதலிடம். கைக்குழந்தை வரும் எண்டு தொட்டில் வாங்க வேண்டாம். வளந்த பிள்ளையோ, வருத்தம் உள்ள பிள்ளையோ வரக் கூடும்.

தெஹிவளை_நானா:
நம்ம ஆக்கள்ல புள்ளய எடுத்து வளக்கிறது நன்மை, ஆனா புள்ளட பெத்த வாப்பாட பேர மாத்தப்படாது. சின்ன வயசுல எனக்கு அது கொஞ்சம் கல்நெஞ்சு மாதிரித்தான் வெளங்கின. தேத்தண்ணிட கதைய வாசிச்ச பொறகு பாத்தா, பேர் இருந்தாத்தான் தேடவாவது ஏலும்.

தேத்தண்ணி:
அதேதான் நானா. இன்னொன்னும் சொல்றேன், நெதர்லாந்து 2021ல வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வச்சாங்க, 2024ல சீனாவும் வெளிநாட்டுக்கு குடுக்கிறத நிப்பாட்டிட்டாங்க, சொந்தக்காரங்க எடுக்கிறது மட்டும் விதிவிலக்கு. இவ்வளவு பேர் வேணாம்னு விட்டத நீங்க ஏன் புதுசா தொடங்குறீங்க?

ஃபைல்_அக்கா:
அதில நான் உங்களோட இல்லை. ஒருத்தரும் கேட்டு வராத எட்டு வயசுப் பிள்ளையளை நான் கண்டிருக்கிறன், வாற ஒவ்வொரு வானுக்கும் கேற்றடிக்கு ஓடி வருங்கள். கதவைப் பூட்டினா களவு நிக்கும் சரி, அந்தப் பிள்ளையும் உள்ளதான் நிக்கும்.

தேத்தண்ணி:
வாரவங்க அந்த எட்டு வயசுப் புள்ளய கேட்டுக்கிட்டா வாராங்க? மொதல்ல கைக்குழந்தையத்தானே கேக்கிறாங்க.

கடற்கரைவீதி:
எல்லாருக்கும் நன்றி. இல்லத்துக்குப் போகேல்ல, ஃபோட்டோவும் அனுப்பேல்ல. நேற்று இதெல்லாத்தையும் அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினன், கைக்குழந்தை வராது எண்ட இடத்தில அழுதிட்டு ஃபோனை வைச்சிட்டா. பிறகு இரவு பத்து மணி போல திருப்பி எடுத்து, "அப்ப ஏழு எட்டு வயசுப் பிள்ளையெண்டா, அதுவும் சிங்களம் மட்டும் கதைக்கிற பிள்ளையெண்டா?" எண்டு கேட்டவ. அப்பிடித்தான் வரக் கூடும் எண்டன். அம்மா அதைக் கேட்டதில இருந்து என்னோட கதைக்கிறேல்ல, தேத்தண்ணியும் போட்டுத் தாறேல்ல. விடியக் காலம எழும்பிப் பாக்க அத்தான்ட மெசேஜ் ஒண்டு கிடக்கு, சோசல் வேர்க்கருக்கு எழுதிப் போட்டாராம், சிங்களம் பழக நல்ல ஆப் ஒண்டு இருந்தா சொல்லட்டாம். ஆருக்கும் தெரியுமோ?