கொஸியஸ்கோ மலைப் பூங்கா: குடும்பமாகப் போக டிசம்பரா, ஓகஸ்டா?

சாம்பல்தீவு:
வணக்கம். அடுத்த வருடம் குடும்பமாக அவுஸ்திரேலியா போக யோசிக்கிறோம். அக்கா கன்பராவில் இருக்கிறா. நாங்கள் இருவர், அம்மா, பிள்ளைகள் இருவர் (8, 12 வயது). அவுஸ்திரேலியப் பெருநிலத்தின் ஆக உயர்ந்த மலையான கொஸியஸ்கோவின் உச்சியில் ஏறவேண்டும் என்று மூத்தவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். அம்மாவுக்கு 64, இடது முழங்கால் தேய்மானம். சமதரையில் ஒரு மைல் நடப்பா, படி ஏறமாட்டா.

ஓகஸ்ட் விடுமுறை, டிசம்பர் விடுமுறை இரண்டில் எது நல்லம்? எந்தப் பக்கத்தால் ஏறுவது, எவ்வளவு நேரம் பிடிக்கும்? வாடகைக் கார் காணுமா? இங்கிருந்து என்ன உடுப்பு, சாமான் கொண்டுபோக வேண்டும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கோ.

கோணமலை:
தம்பி, உச்சிதான் நோக்கம் என்றால் டிசம்பர், அங்கே அது கோடை. ஓகஸ்டில் நடைபாதை முழுவதும் பனிக்கு அடியில் கிடக்கும். வரைபடமும் திசைகாட்டியும் பாவிக்கத் தெரிந்து, பனிச்சறுக்கு மட்டையோ பனிச்சப்பாத்தோ போட்டுப் பழகியவர்கள் மட்டும் போகிற காலம் அது.

உயரம் 2228 மீற்றர். எங்கள் சிவனொளிபாதமலை 2243, பிதுருதலாகல 2524. அதனால் "இவ்வளவுதானே" என்று இருந்துவிடாதீர்கள். கொஸியஸ்கோ தெற்கே 36 பாகை அகலாங்கில் நிற்கிறது. அங்கே ஏறக்குறைய 1850 மீற்றருக்கு மேல் மரமே முளைக்காது. மறைப்பு இல்லாத வெட்டவெளி, காற்று நேரே ஆளில் அடிக்கும். ஆயிரம் மீற்றர் ஏற 6, 7 பாகை வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே ஜிண்டபைன் ஊரில் 25 பாகை என்றால் உச்சியில் 16, 17. காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு இன்னும் கீழே தெரியும். கோடையிலும் பனி கொட்டுகிற நாள் உண்டு.

சுலபமான வழி திரெட்போ பக்கம். ஊர் இருப்பது 1365 மீற்றரில். அங்கிருந்து கொஸியஸ்கோ எக்ஸ்பிரஸ் என்கிற கதிரை லிப்ட் உங்களை ஈகிள்ஸ் நெஸ்ட் வரை, கிட்டத்தட்ட 1930 மீற்றருக்கு, தூக்கிக்கொண்டு போய்விடும். மிச்ச ஏற்றம் 300 மீற்றர் மட்டும். அங்கிருந்து உச்சிக்கு 6.5 கிலோமீற்றர், திரும்பவும் அதே 6.5. பிள்ளைகளோடு ஐந்து மணித்தியாலம் வையுங்கள்.

பாதையின் பெரும்பகுதி நிலத்திலிருந்து உயர்த்திப் போட்ட இரும்பு வலைத்தட்டு. கீழே இருக்கிற புல் பூண்டுக்கு வெளிச்சமும் மழையும் போகவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். கைத்தடி கொண்டுபோனால் நுனிக்கு ரப்பர் மூடி போடுங்கள். கூர் நுனி வலைக்கண்ணில் இறங்கிச் சிக்கும், இழுக்கிறபோதுதான் ஆள் விழுவார். விடியக்காலையில் வலையில் மெல்லிய ஐஸ் படிந்திருந்தால் வழுக்கும். வழியில் கூட்டபட்டம்பா ஏரிக்கு மேலே ஒரு பார்வையிடம் வரும். அதற்கு அண்மையில் பழைய பனி டிசம்பரிலும் பாதையை மூடிக் கிடக்கலாம். மற்றவர்கள் மிதித்த அடியிலேயே குதிக்காலை ஊன்றி மெதுவாகக் கடவுங்கள். பிள்ளைகளைச் சரிவுப் பக்கம் விடவேண்டாம்.

உச்சிக்குச் சற்றுக் கீழே வருகிற கணவாயான றோசன் பாஸில் மலசலகூடம் இருக்கிறது. குடிதண்ணீர்க் குழாய் இல்லை. ஆளுக்கு இரண்டு லீற்றர் கீழேயிருந்தே கொண்டுபோக வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது ஒரு விஷயத்தில்தான்: லிப்ட் பின்னேரம் நிற்கும் நேரம். ஏறும்போதே பலகையில் கடைசி இறக்க நேரத்தைப் பாருங்கள். அது போய்விட்டால் மெரிட்ஸ் பாதையால் 4 கிலோமீற்றர் செங்குத்தாக இறங்க வேண்டும். 13 கிலோமீற்றர் நடந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய தண்டனை. காலை முதல் லிப்டுக்கே போய் நில்லுங்கள். மத்தியானம் 12 மணிக்கு றோசன் பாஸைத் தொடவில்லை என்றால் அங்கேயே இருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள்.

பாலையூற்று:
கோணமலை அண்ணா சொன்னது சரி, ஆனால் லிப்டை மட்டும் நம்பிப் போவது எனக்குச் சம்மதமில்லை. காற்று கூடினால் அதை நிறுத்திவிடுவார்கள், கோடையிலும்தான். ஒரே ஒரு நாளை மட்டும் ஒதுக்கிவிட்டு வந்தவர்கள் அடிவாரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஜிண்டபைனில் இரண்டு இரவாவது தங்குங்கள். முன்னாள் இரவு வானிலையைப் பார்த்து எந்த நாள் நல்லம் என்று தெரிவு செய்யலாம்.

இரண்டாவது வழி சார்லட் பாஸ். ஜிண்டபைனிலிருந்து கொஸியஸ்கோ றோட்டால் 40 கிலோமீற்றருக்குள். நடை ஒரு பக்கம் 9 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட, போய்வர 18க்கு மேல். தூரம் கூட என்றாலும் சாய்வு மிகக் குறைவு, ஏனென்றால் அது பழைய கார்ப் பாதை. 1970கள் வரை வாகனங்கள் றோசன் பாஸ் வரை ஏறின. வழியில் ஸ்னோவி ஆற்றைக் கடப்பீர்கள். அந்த இடத்தில் அது ஒரு சின்ன ஓடைதான். அதற்கு அப்பால் சீமன்ஸ் ஹட் என்ற கற்குடிசை. 1928இல் பனிப்புயலில் இரண்டு பனிச்சறுக்கு வீரர்கள் இறந்தபிறகு, அவர்களில் ஒருவரின் குடும்பம் கொடுத்த பணத்தில் 1929இல் கட்டியது. திடீரென்று காலநிலை மாறினால் உள்ளே ஒதுங்கத்தான் அது, தங்குவதற்கு இல்லை. உங்கள் 12 வயதுக்காரன் இந்த வழியால் போவான். சின்னவருக்கு இது கூடிப்போகும்.

அம்மாவுக்கும் சார்லட் பாஸ்தான் நல்லம். கார் நிற்பாட்டுகிற இடத்திலேயே ஸ்னோ கம் என்கிற யூக்கலிப்டஸ் மரங்களுக்கு ஊடாக ஒரு பலகைப் பாதை போகிறது. சில நூறு மீற்றர், படி இல்லை, தள்ளுவண்டியே போகும். அதன் முடிவில் நின்றால் பிரதான மலைத்தொடர் முழுவதும் எதிரே தெரியும். அந்த மரங்களையும் கிட்ட நின்று பார்க்கச் சொல்லுங்கோ: காற்றில் முறுகி வளர்ந்த தண்டு, பட்டை உரிந்த இடத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள் கோடுகள், மழை பட்டால் நிறம் இன்னும் ஏறும்.

ஒன்று கட்டாயம். மலையேறுவோருக்கான அவசர சமிக்ஞைக் கருவியை ஜிண்டபைன் பார்வையாளர் நிலையத்தில் இலவசமாக இரவல் தருவார்கள். கைத்தொலைபேசி சிக்னல் பல இடங்களில் இருக்காது. படிவத்தில் எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாங்குங்கள். திருப்பிக் கொடுக்க மறக்கவேண்டாம்.

மூதூர்க்கரை:
பிள்ளைகள் பனியைப் பார்க்கவேண்டும் என்று பிறகு மனம் மாறினால் ஓகஸ்ட் பற்றியும் தெரிந்திருப்பது நல்லது. அந்த மாதம் எல்லாம் வாகனத்தில் தங்கியிருக்கிறது.

குளிர்காலத்தில் கொஸியஸ்கோ றோட்டு பெரிஷர் பனிச்சறுக்கு மையத்துக்கு அப்பால் கார்களுக்குப் பூட்டு. சார்லட் பாஸுக்குப் பனி வாகனத்தில்தான் போகலாம். (அவுஸ்திரேலியாவில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை அங்கேதான், 1994 ஜூன் 29, மறை 23 பாகை.) பூங்காவுக்குள் இரு சக்கர இழுவைக் கார்கள் ஜூன் 1இலிருந்து ஒக்டோபர் 10 வரை டயர்ச் சங்கிலி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கன்பராவிலிருந்து வரும் வழியிலுள்ள கூமாவிலும் ஜிண்டபைனிலும் சங்கிலியை வாடகைக்கு எடுக்கலாம். கடைக்குப் போக முன் டயரின் பக்கத்தில் எழுதியிருக்கிற அளவை, உதாரணமாக 205/55 R16, படம் எடுத்து வைத்திருங்கள். அளவு பிழைத்தால் சங்கிலி கழன்று சில்லுக்குள் சுற்றி பிரேக் குழாயை அறுத்துவிடும்.

பூட்டுகிற முறை: வளைவில் நிற்காமல் இதற்கென்று ஒதுக்கிய ஓரத் தரிப்பிடத்தில் நில்லுங்கள். சங்கிலி போகவேண்டியது இழுக்கிற சில்லுக்கு, பெரும்பாலான சின்னக் கார்களில் அது முன் சில்லு. முறுக்கில்லாமல் தரையில் விரித்து, டயருக்கு மேலால் போட்டு, முதலில் உட்புறக் கொக்கி, பிறகு வெளிப்புறக் கொக்கி. கொக்கியின் வாய் டயரைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் ரப்பரைத் தின்னும். நூறு மீற்றர் போனதும் இறங்கி மீண்டும் இறுக்குங்கள். முதல் இறுக்கல் எப்போதும் தளரும். 40க்கு மேல் ஓடவேண்டாம். வெறும் தார் தெரிந்தவுடன் கழற்றுங்கள். ஒரு ரப்பர் கையுறை, டோர்ச், முழங்காலுக்குக் கீழே போட ஒரு பழைய பாய் காரில் இருக்கட்டும். சங்கிலியை எடுத்ததும் தங்குமிட முற்றத்தில் ஒருதரம் பூட்டிப் பாருங்கள்.

டீசல் கார் என்றால் அல்பைன் டீசல் அடிக்கவேண்டும். சாதாரண டீசலில் உள்ள மெழுகு குளிரில் உறைந்து வடிகட்டியை அடைக்கும், விடிய ஸ்டார்ட் வராது. கன்பராவில் டாங்கை நிரப்பிக்கொண்டு போனால் அல்பைன் டீசலுக்கு இடம் இருக்காது. பாதி டாங்கோடு போய் ஜிண்டபைனில் நிரப்புங்கள். இரவில் ஹான்ட்பிரேக் போடவேண்டாம், கேபிள் உறையும். கியரில் விட்டு சில்லுக்குக் கல் வையுங்கள். வைப்பர்களைத் தூக்கி நிறுத்துங்கள். கண்ணாடியில் ஐஸ் இருந்தால் சுடுதண்ணீர் ஊற்றவேண்டாம், வெடிக்கும். வாடகைக் கார் எடுக்கமுன் ஒப்பந்தத்தில் பனிப்பகுதிக்குக் காப்புறுதி உண்டா என்று வாசியுங்கள்; பல ஒப்பந்தங்களில் இல்லை.

இவ்வளவும் வேண்டாம் என்றால் திரெட்போ போகிற றோட்டிலுள்ள புல்லொக்ஸ் பிளாட்டில் காரை விட்டுவிட்டு ஸ்கிடியூப் ரயிலில் ஏறலாம். மலைக்குள் துளைத்த சுரங்கத்தால் பெரிஷருக்குப் போய்ச் சேரும். புல்லொக்ஸ் பிளாட் வரை போகச் சங்கிலி தேவையில்லை. சறுக்கத் தெரியாத பிள்ளைகள் பனியில் விளையாட வடக்கே செல்வின் பனிவிளையாட்டு மையம் நல்லம். 2020 காட்டுத்தீயில் முழுவதும் எரிந்து, 2023இல் திரும்பத் திறந்தார்கள்.

சாம்பல்தீவு:
அண்ணாமாருக்கு நன்றி. டிசம்பர் என்று முடிவு செய்துவிட்டோம். நாங்கள் மேலே ஏறுகிற நாளில் அம்மாவும் அக்காவும் கீழே என்ன செய்யலாம்? வெந்நீரூற்று ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், உண்மையா? சாமான் பற்றியும் ஒருவரும் சொல்லவில்லை.

நிலாவெளி:
வெந்நீரூற்று பூங்காவின் வடக்கே யரங்கோபிலியில் இருக்கிறது, தம்பி. ஆனால் எங்கள் திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை மனதில் வைத்துப் போனால் ஏமாற்றம்தான். அது வருடம் முழுவதும் 27 பாகை, வெதுவெதுப்புத்தான். நீந்துகிற குளம், ஊற்றி முழுகிற கிணறு இல்லை. அதோடு கார் தரிப்பிடத்திலிருந்து செங்குத்தாக இறங்கி, திரும்ப ஏறவேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. திரெட்போவிலிருந்து வெகு தூரமும். மலையேறுகிற நாளில் அங்கே போக யோசிக்கவே வேண்டாம். போகும்போதோ வரும்போதோ தனியாக ஒரு நாள் கிடைத்தால் பிள்ளைகளைச் சுண்ணாம்புக் குகை பார்க்கக் கூட்டிப் போங்கள், அது நல்லம்.

அம்மாவை லிப்டிலேயே மேலே கூட்டிப்போகலாம். ஈகிள்ஸ் நெஸ்டில் கன்டீன் இருக்கிறது, கண்ணாடிக்குள் இருந்து பார்க்கலாம். கதிரை நிற்காமல் வரும், ஏறும்போது பின்னால் முழங்கால் மடிப்பில் தட்டும். ஏறமுன்பே பணியாளரிடம் சொன்னால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். மேலே போகக் கிட்டத்தட்ட கால்மணி நேரம் காற்றில் இருக்கவேண்டும், மடியில் போர்த்த ஒன்று கொண்டுபோங்கள்.

ஜிண்டபைன் ஏரிக்கரையும் அவவுக்கு ஏற்றது, தட்டையான நடை. பழைய ஊர் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. 1949இலிருந்து 1974 வரை நடந்த ஸ்னோவி நீர்மின் திட்டத்தில், 1967இல் அணை முடிந்தபோது மூழ்கியது. ஆற்றின் தண்ணீரை மலையைக் குடைந்து மேற்கே மரி, மரம்பிட்ஜி ஆறுகளுக்குத் திருப்பினார்கள். அணைக்குக் கீழே ஸ்னோவியில் மிஞ்சியது இயற்கை ஓட்டத்தின் நூற்றில் ஒரு பங்குதான். 2002இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி விடுகிறார்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிற இடத்தில் வாழ்கிற எங்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. கூமாவில் திட்டத்தின் விளக்க நிலையம் இருக்கிறது. கன்பரா வழியில்தான், இறங்கிப் பாருங்கள். 121 தொழிலாளர் இறந்த வேலை அது.

சாமான்: பருத்தி உடுப்பும் ஜீன்ஸும் மலைக்கு வேண்டாம். வியர்வையோ மழையோ பட்டால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது பொலியெஸ்டர், நடுவில் பிளீஸ் என்கிற பஞ்சுபோன்ற செயற்கைத் துணி, வெளியே காற்றும் மழையும் புகாத மேலங்கி. தொப்பியும் கையுறையும் டிசம்பரிலும் வேண்டும். வெயிலுக்குக் கிறீம் கட்டாயம். குளிராக இருக்கும்போதே தோல் கருகும். கோடையில் கடிக்கிற பெரிய ஈக்கள் உண்டு, முழுக்கைச் சட்டை உதவும்.

சப்பாத்தை இங்கேயே பிரஷ் போட்டுக் கழுவிக் காயவையுங்கள், அடிப்பள்ளத்தில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. விமான நிலைய அட்டையில் மண் பட்ட சப்பாத்து, கருவாடு, கறித்தூள், விதை எது இருந்தாலும் "ஆம்" என்று குறியுங்கள். அறிவித்தால் ஆகக்கூடியது எடுத்துப்போடுவார்கள், மறைத்தால் தண்டப்பணம். பூங்காவுக்குள் ஹோக்வீட் என்கிற களை நுழைந்து அதைப் பிடுங்கப் படாதபாடு படுகிறார்கள், விதை வருவது சப்பாத்திலும்தான்.

கோணமலை:
இன்னொன்று விட்டுப்போச்சு. இறங்கி வந்த களைப்போடு அன்றிரவே கன்பராவுக்கு ஓடவேண்டாம். ஜிண்டபைனிலிருந்து இரண்டரை மணித்தியாலம், பொழுது படுகிற நேரத்தில் கங்காருவும் வொம்பட்டும் றோட்டில் நிற்கும், பூங்காப் பக்கம் காட்டுக்குதிரையும். வொம்பட் தரையோடு தாழ்ந்த உருண்டையான பிராணி, லைட்டில் கல் மாதிரித்தான் தெரியும், இடித்தால் காரின் அடி போகும். அன்றைக்கும் ஜிண்டபைனிலேயே தங்கிவிட்டு விடிய எட்டு மணிக்குப் பிறகு வெளிக்கிடுங்கள்.