பக்கவாதத்துக்குப் பின் கை திரும்புமா: ரத்தம் சொல்லுமா, விரல் சொல்லுமா?

ஆய்வுமேசை:
ஏழாம் நாள் ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் லைட், சுருக்கமாக என்எஃப்எல், பார்ப்பதை மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. ஆக்சானின், அதாவது நரம்பணுவின் நீண்ட இழையின், உள்சட்டமாக இருக்கும் புரதம் இது; இழை உடைந்தால் வெளியே கசியும். முதல் நாள் லேசாகத்தான் ஏறும். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு மாதக்கணக்கில் மெதுவாகத்தான் இறங்கும். அளவு கூடியவர்களுக்கு 90ஆம் நாள் எம்ஆர்எஸ் (எவ்வளவு முடங்கினார் என்று காட்டும் மதிப்பெண்) மோசமாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்தாயிற்று. ஒரு குழாய் ரத்தம் போதும். இன்னும் என்ன தயக்கம்?

விரல்நுனி:
எவ்வளவு மூளை செத்தது என்பதை ரத்தம் ஓரளவு சொல்லும். எந்த இடம் என்று சொல்லாது. கை விஷயத்தில் இடம்தான் எல்லாமே. மூளையின் ஆழத்தில் நரம்பிழைகள் நெருங்கி ஓடும் இன்டர்னல் கேப்சூலில் பட்டாணி அளவு சேதம் வந்தாலே கை விழுந்துவிடும். என்எஃப்எல் பெரிதாக அசையாது. முன்மூளையில் அதைவிடப் பல மடங்கு சேதம் இருந்தாலும் மூளையின் அசைவுக் கட்டளையைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகும் கார்டிகோஸ்பைனல் பாதை தப்பியிருந்தால் விரல் ஓடும்.

காசில்லாத சோதனை ஒன்று கையில் இருக்கிறது. மூன்றாம் நாள் தோளைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லுங்கள், விரல்களை நீட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை தசைவலு மதிப்பெண். கூட்டினால் அதுதான் சேஃப் ஸ்கோர், மொத்தம் 10. ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் நல்ல பக்கம். குறைந்தால் டிஎம்எஸ் வைத்து, அதாவது தலைமேல் காந்தத் துடிப்பு கொடுத்து, மணிக்கட்டிலோ கையிலோ உள்ள தசையில் எம்இபி என்ற மின்பதில் வருகிறதா என்று பார்க்கணும். கை எவ்வளவு திரும்பும் என்று கணிக்கும் பிரெப்2 வழிமுறை இதுதான். நாலில் மூன்று பேருக்குச் சரியாகச் சொல்கிறது. 2010இல் வந்த நெதர்லாந்து ஆய்வில், 72 மணி நேரத்துக்குள் இந்த இரண்டு அசைவும் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு ஆறாம் மாதம் கைத்திறன் ஓரளவாவது திரும்பும் வாய்ப்பு 98%. இரண்டும் இல்லாதவர்களுக்கு 25%. எந்த ரத்த மார்க்கர் இப்படிப் பிரிக்கிறது?

ஆய்வுமேசை:
"விரலை நீட்டுங்கள்" என்றால் அவருக்குப் புரிய வேண்டாமா? பேச்சைப் புரிந்துகொள்ள முடியாத அஃபேசியா, மயக்கமருந்தில் வென்டிலேட்டர், இவர்களிடம் உங்கள் சோதனை செல்லாது. மண்டைக்குள் உலோகக் கிளிப் இருந்தால் டிஎம்எஸ்ஸும் கிடையாது. மீட்சி என்றால் கை மட்டுமா? நடை, பேச்சு, ஞாபகம் எல்லாம் உண்டே.

எண்கணக்கு:
இரண்டு பேருமே தவறான இடத்தில் நிற்கிறீர்கள். வரும்போதே என்ஐஹெச்எஸ்எஸ் (பக்கவாதத்தின் தீவிர மதிப்பெண், கூடினால் மோசம்) 22 உள்ளவருக்கு என்எஃப்எல் கூடுதலாக இருக்கும், முடிவும் மோசமாக இருக்கும். அதைச் சொல்ல ரத்தம் எதற்கு? வயதையும் என்ஐஹெச்எஸ்எஸ்ஸையும் முதலில் கணிப்பு மாடலில் போடுங்கள், பிறகு மார்க்கரைச் சேருங்கள். நல்ல முடிவையும் மோசமான முடிவையும் பிரித்தறியும் திறனைக் காட்டும் ஏயூசி எவ்வளவு ஏறியது, கணித்த சதவீதமும் நடந்த சதவீதமும் ஒத்துப்போகிறதா, எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிவே மாறும்? கோபெப்டின் என்ற ரத்த மார்க்கரைச் சேர்த்து முடிவைக் கணிக்கும் கோரிஸ்க் ஸ்கோர்கூட வயது, என்ஐஹெச்எஸ்எஸ், அடைப்பு திறந்ததா என்ற மூன்றையும் கூட வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது.

இன்னொன்று: 90ஆம் நாள் எம்ஆர்எஸ் என்பது முடிவு, மீட்சி அல்ல. மீட்சி என்றால் மாற்றம். ஆனால் இறுதி மதிப்பெண்ணிலிருந்து தொடக்க மதிப்பெண்ணைக் கழித்து, அதே தொடக்கத்தோடு ஒப்பிட்டால் உறவு தானாக முளைக்கும். கை அசைவை அளக்கும் ஃபியூகல்-மேயர் மதிப்பெண் அதன் உச்சமான 66இல் முட்டி நிற்பது வேறு. விரல்நுனி கட்சியினரும் இந்தக் குழியில் விழுந்தவர்கள்தான்.

குளிர்பெட்டி:
சண்டைக்கு நடுவே குழாயையும் கவனியுங்கள். சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரித்த நீர்) அளவையும் இடிடிஏ பிளாஸ்மா (உறையாமலிருக்க இடிடிஏ சேர்த்த ரத்தத்தின் நீர்) அளவையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள். மூளைச்சேத மார்க்கராகப் பார்க்கும் என்எஸ்இ சிவப்பணுவிலும் இருக்கிறது. ஊசியில் ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் மூளைக்குச் சம்பந்தமில்லாமல் ஏறும். நரம்பு வளர்ச்சிக்கு உதவும் பிடிஎன்எஃப் புரதத்தைச் சீரத்தில் அளந்தால், ரத்தம் உறையும்போது பிளேட்லெட் கொட்டியதைத்தான் பெரும்பாலும் அளக்கிறீர்கள். இன்னொரு மூளைச்சேத மார்க்கரான எஸ்100பி கொழுப்பிலிருந்தும் வரும். என்எஃப்எல் ஃப்ரீசரில் வைத்து எடுத்தாலும் தாங்கும், அது நல்ல பிள்ளை. ஆனால் வயது, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோயில் வரும் கால்நரம்புச் சேதம் எல்லாம் அதை ஏற்றும். பருத்த உடலில் குறைவாகத் தெரியும். மில்லிலிட்டருக்கு பிகோகிராம் கணக்கு என்பதால் கருவி மாறினால் எண்ணும் மாறும். தூக்கத்தில் வந்த பக்கவாதம் என்றால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறிக்காத மாதிரி எனக்குக் குப்பைதான்.

விரல்நுனி:
2017 சர்வதேச வட்டமேசைக் கருத்தொப்புதலிலும் கார்டிகோஸ்பைனல் பாதையின் அளவீடுகள் சோதனைகளுக்குத் தயார் என்றார்கள். ரத்த மார்க்கருக்கு அந்த இடம் தரவில்லை. என் பயம் வேறு: "என்எஃப்எல் அதிகம்" என்று சார்ட்டில் எழுதியதும் பிசியோ நேரம் குறையும். கை திரும்பாது. கணிப்பு பலித்துவிட்டதாகக் கட்டுரை வரும்.

ஆய்வுமேசை:
அந்தப் பயம் நியாயம். எண்ணை மருத்துவரிடமும் பிசியோவிடமும் காட்டாமல் பூட்டி வைக்கலாம். எல்லாருக்கும் வேண்டாம், சேஃப் 5க்குக் கீழ், எம்இபியும் இல்லை, அவர்களிடம் மட்டும் ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் எடுப்போம். இரண்டாவது மாதிரி இறங்காமல் நின்றால் சேதம் இன்னும் ஓடுகிறது என்று பொருள் கொள்ளலாமா என்று பார்ப்போம்.

விரல்நுனி:
அந்தக் கூட்டத்தைப் பிரெப்2 ஏற்கெனவே இரண்டாகப் பிரிக்கிறது: என்ஐஹெச்எஸ்எஸ் 7க்குக் கீழ் என்றால் குறைந்த மீட்சி, 7 அல்லது மேல் என்றால் மோசம். உங்கள் குழாய் முதலில் அந்தப் பிரிவுக்கோட்டை ஜெயிக்கட்டும்.

எண்கணக்கு:
அதுவும் கோடு வரையப்பட்ட அதே நோயாளிகளிடம் இல்லாமல், வேறு இடத்து நோயாளிகளிடம்.