மூட்டை சிக்குது, ஆள் சிக்கலை: எந்த இடத்தில் ஒழுகுது?

பாக்குநீரிணை:
ராமநாதபுரம் கரையில் மண்டபம், வேதாளை, தொண்டி என எங்கே கஞ்சா பிடிபட்டாலும் செய்தி ஒரே அச்சுதான்: "இலங்கைக்குக் கடத்த இருந்த மூட்டைகள் பறிமுதல், கடத்தல்காரர்கள் தப்பியோட்டம்." எல்லாம் மாமூல் என்று டீக்கடையில் சொல்லிவிடலாம், மீனவர் சங்கக் கூட்டத்தில் சொல்ல ஆதாரம் வேண்டும். கரையில் எடுத்த மூட்டை கோர்ட்டுக்குப் போகும் வழியில் எங்கே கைவைக்க முடியும்? வெளியாள் எந்தக் காகிதத்தைப் பார்க்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி வக்கீல்:
ஆள் தப்பியதை மட்டும் வைத்து யாரையும் சந்தேகப்படாதீர்கள். ரோந்துப் படகைக் கண்டதும் சரக்கைக் கடலில் தள்ளிவிட்டுப் பறப்பது இந்தக் கரையில் சகஜம். 2023-இல் மண்டபம் பக்கம் தங்கத்தையே வீசினார்கள், முக்குளித்துத்தான் எடுத்தார்கள்.

பார்க்க வேண்டியது எடை. கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவானால் குறைந்தது 10 ஆண்டு சிறை, குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் அவகாசம், போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆம் பிரிவு ஜாமீனை மறித்து நிற்கும். இரண்டு அளவுக்கும் நடுவில் விழுந்தால் குறைந்தபட்சத் தண்டனையே கிடையாது. 60 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். 22 கிலோவில் இரண்டு கிலோப் பொட்டலம் இரண்டை மகஜரில் (பிடித்த இடத்தில் சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் குறிப்பு) எழுதாமல் விட்டால் போதும், 18 ஆகிவிடும். பேரம் நடக்கிற இடம் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. கடல்நீரில் ஊறிய மூட்டை காய்ந்தால் எடை நன்றாகவே இறங்கும். அதைத் திருட்டு என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். சாக்கு, பாலித்தீன், டேப் நீக்கிய நிகர எடை, பொட்டல எண்ணிக்கை, நனைந்ததா இல்லையா என்ற குறிப்பு மூன்றும் மகஜரில் இருக்கிறதா பாருங்கள். எண்ணிக்கை காய்வதில்லை!

மகஜர்மணி:
வக்கீல் சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லஞ்சத்தை விட மோசமானது தெரிந்தே விடும் ஓட்டை. பணம் கைமாறியதைப் பிடிக்கலாம். "மறந்துவிட்டேன்" என்பதை எப்படிப் பிடிப்பது?

தென்னந்தோப்புக் கொட்டகையில் சோதனை என்றால் அதே சட்டத்தின் 42-ஆம் பிரிவு. தகவலை எழுதி, நகலை 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பொழுது சாய்ந்தபின் வாரன்ட் இல்லாமல் நுழைந்தால் காரணத்தையும் எழுத வேண்டும். திறந்த கடற்கரை பொது இடம், அங்கே 43; இந்தக் கெடுபிடி இல்லை. கொட்டகையில் எடுத்ததைக் கடற்கரையில் எடுத்ததாக எழுதும் ஆசை இங்கேதான் வரும். குறுக்கு விசாரணையில் இடம் மாறியது தெரிந்தால் வழக்கே போச்சு. உடம்பில் கைவைத்துச் சோதித்தால் 50: மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டென்று முதலில் சொல்ல வேண்டும். கையிலுள்ள பையைச் சோதிக்க அது தேவையில்லை. பறிமுதல் அறிக்கை 48 மணி நேரத்துக்குள், 57-ஆம் பிரிவு.

அடுத்து 52ஏ. மாஜிஸ்திரேட் முன்னால் பட்டியல், புகைப்படம், மாதிரி. 2022 விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. ஸ்டேஷனிலேயே மாதிரி எடுத்து வைத்துக்கொண்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். அதற்காக 52ஏ தவறினால் உடனே விடுதலை என்றும் நினைக்க வேண்டாம். அது மட்டுமே போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2024 ஜூலை 1 முதல் சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுப்பது கட்டாயம் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ், பிரிவு 105). எடை போடும் நேரம் வீடியோவில் இல்லையென்றால் கேள்வி கேளுங்கள்.

கடைசியில் சொத்து அறை, அதாவது பிடித்த சரக்கை வைக்கும் இடம். சென்னையில் 22 கிலோ கஞ்சாவை எலி தின்றுவிட்டது என்று சொல்லி, 2023-இல் அந்த வழக்கில் இருவர் விடுதலையானார்கள். எலி மேல் வழக்குப் போட முடியாதே!

பாக்குநீரிணை:
நன்றி அண்ணே. மாத்திரை பிடிபடும் வழக்குகளில் சீக்கிரம் வெளியே வந்துவிடுகிறார்களே, அதுவும் இதே கதையா?

தொண்டி வக்கீல்:
பெரும்பாலும் இல்லை. ப்ரீகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை போதைப்பொருள் சட்டப் பட்டியலிலேயே கிடையாது. சுங்கச் சட்டம், மருந்துச் சட்டம்தான் பாயும், ஜாமீனும் லேசு. டிரமடால் என்ற வலி மாத்திரை 2018 முதல் பட்டியலில் இருக்கிறது. அட்டையில் என்ன மருந்து என்று பார்க்காமல் போலீஸைத் திட்டுவதில் பயனில்லை.

உப்புக்காற்று:
புகார் பற்றி யாரும் சொல்லவில்லையே. லஞ்சம் கேட்டால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை. பணம் கொடுக்கும் முன்னால் போங்கள். பொடி தடவிய நோட்டோடு கையும் களவுமாகப் பிடித்தால், விசாரணை தொடங்க முன் அனுமதிச் சிக்கல் வராது. மிரட்டலில் ஏற்கெனவே கொடுத்துவிட்டால் 7 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும், இல்லையென்றால் கொடுத்தவரும் குற்றவாளி.

அதிகாரி கடத்தலுக்கு உடந்தை என்றால் போதைப்பொருள் சட்டம் 59: 10 முதல் 20 ஆண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அரசின் முன் அனுமதியோடு எழுத்துப் புகார் வந்தால்தான் கோர்ட் எடுக்கும். அந்த அனுமதியில்தான் பல்லே பிடுங்கப்படுகிறது.

சரக்கு பற்றிய தகவலை சந்தேகம் உள்ள ஸ்டேஷனுக்கே சொல்லாதீர்கள். மாநில எண் 10581, மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு 1933, கடலில் என்றால் கடலோரக் காவல் படை 1554. 2024 மார்ச்சில் மன்னார் வளைகுடாவில் 99 கிலோ ஹஷிஷை (கஞ்சாப் பிசின்) பிடித்தது வருவாய்ப் புலனாய்வும் கடலோரக் காவல் படையும் சேர்ந்துதான். படகு எண், இன்ஜின் எத்தனை, கிளம்பிய துறை, நேரம் சொன்னால் போதும். ஆள் பேரை ஊகித்துச் சொல்ல வேண்டாம். தகவல் கொடுத்தது யாரென்று அதிகாரியைக் கோர்ட்டில் வற்புறுத்த முடியாது (68-ஆம் பிரிவு).

சங்கத்துக்கு ஒரு வேலை: முடிந்த வழக்குகளுக்கு மட்டும் ஆர்டிஐ போடுங்கள். நடக்கும் வழக்கைக் கேட்டால் விசாரணை கெடும், 8(1)(எச்) பிரிவு என்று திருப்பிவிடுவார்கள். எஃப்ஐஆரில் உள்ள எடை, மாஜிஸ்திரேட் சான்றளித்த எடை, எரித்து அழித்த எடை. இந்த மூன்றையும் வழக்கு எண் வாரியாகக் கேளுங்கள். தீர்ப்பு நகல் இ-கோர்ட்ஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும், அதற்கு மனு போட்டு நாளை வீணாக்காதீர்கள்.