டயலிசிஸ் குழாயால் இரத்தத்தில் கிருமி, இப்போ முதுகுவலி: எம்ஆர்ஐ அவசரமாக எடுக்க வழி?

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 63. சர்க்கரை வியாதியால் சிறுநீரகம் பழுதாகி, கழுத்தில் போட்ட குழாய் வழியாக டயலிசிஸ் நடக்கிறது.

போன மாதம் மெஷினில் ஏற்றி அரை மணித்தியாலத்துக்குள் பல் அடித்துக்கொள்ளும் அளவுக்கு நடுக்கம், பிறகு கடும் காய்ச்சல். வீட்டுக்கு வந்தால் அடங்கும், அடுத்த டயலிசிஸில் திரும்ப அதே. டெங்கு இல்லை. வயலோரம் வீடு என்பதால் எலிக்காய்ச்சலும் பார்த்தார்கள், இல்லை. கடைசியில் இரத்த கல்ச்சரில் ஸ்டாபிலோகொக்கஸ் ஓரியஸ் வந்தது. தோலிலும் மூக்கிலும் சும்மா இருக்கும் கிருமிதான், குழாய் வழியாக உள்ளே போயிருக்கிறது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். குழாயை மாற்றி 2 கிழமை ஊசி போட்டார்கள். காய்ச்சல் நின்றது. எக்கோவில் இதய வால்வுகளும் சரி.

ஆனால் ஊசி முடிந்த கையோடு இடுப்புக்குச் சற்று மேலே, நடு முள்ளில் வலி தொடங்கியது. இரவில் கூடுகிறது. அந்த இடத்தை விரலால் அழுத்தினாலே துள்ளுகிறார். கால் விறைப்பு இல்லை, சலமும் சீர். பனடோல், தைலம், பிசியோ எதுவும் கேட்கவில்லை. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இரத்தப் பரிசோதனையான சிஆர்பி இன்னும் கூடுதலாக, 48 இல் நிற்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஆனால் இந்தக் கிருமி இரத்தத்தோடு போய் முள்ளந்தண்டில் தங்கக்கூடியது, தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. அதுதான் எனக்குப் பெரிய பயம். கிளினிக் திகதி அடுத்த மாதம்தான், அதுவரை பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் இப்படி முள்ளந்தண்டு எம்ஆர்ஐ அவசரமாக எடுத்தவர்கள், யாரைப் பிடித்து, எந்த வழியால் எடுத்தீர்கள்?