ரவுண்ட்ஹவுஸ் கிக்கில் வலு இல்லை, முட்டியும் வலிக்கிறது: உதவி தேவை

செந்தூல்_பையன்: வணக்கம். ரவுண்ட்ஹவுஸ் கிக் (உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில் வீசும் உதை) போட்டால், பயிற்சிக்குத் தொங்கவிட்ட பேக் லேசாக ஆடுகிறதே தவிர அடி இறங்கவில்லை. முட்டியும் வலிக்கிறது. போட்டி நெருங்கிவிட்டது. என்ன செய்யலாம்? கொஞ்சம் அவசரம்.

பட்டர்வொர்த்_பிரபா: எந்தக் கலை தம்பி? டேக்வாண்டோவா, கராத்தேயா, முவாய் தாயா? வலிப்பது உதைக்கிற காலா, ஊன்றிய காலா? ஒன்றுமே சொல்லாமல் அவசரம் என்றால் எப்படி?

ஜிம்_ராஜா: இடுப்பு இறுக்கம், சந்தேகமே வேண்டாம். காலையும் மாலையும் இடுப்பு ஸ்ட்ரெட்ச் போடு, எல்லாம் சரியாகிவிடும்.

பழைய_பெல்ட்: இந்தக் கேள்வி மாதாமாதம் வருகிறது, தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. இப்போதெல்லாம் மஞ்சள் பெல்ட் கட்டியதுமே தலை உயரத்துக்கு உதைக்க ஆசை. முதலில் இடுப்பு உயரத்தில் ஒழுங்காக ஓர் உதை போடட்டும், பிறகு பேசலாம்.

செந்தூல்_பையன்: டேக்வாண்டோ. வலது காலில் உதைப்பேன். வலிப்பது இடது முட்டி, உள்பக்கம்.

மலர்_பினாங்கு: அப்படியென்றால் வலது காலை விடுங்கள், இடது காலைப் பாருங்கள். உடம்பு திரும்புகிறது, பாதம் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த முறுக்கு முழுக்க நடுவில் இருக்கும் முட்டிக்குப் போகிறது. உள்பக்கத் தசைநாரும் குருத்தெலும்பும் அதைத் தாங்காது. உதை படும் நேரத்தில் இடது குதிகால் பேக்கைப் பார்த்து இருக்க வேண்டும். குதிகால் திரும்பினால்தான் இடுப்பு புரளும், இடுப்பு புரண்டால்தான் உடம்பின் எடை அடியில் சேரும். வலு இல்லாததற்கும் வலிக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். எங்கே பயிற்சி? வெறுங்காலா?

தாய்_பாக்சர்_கேஎல்: புறங்காலில் தட்டினால் வலு எங்கிருந்து வரும்? ஷின்னில், அதாவது முன்னங்கால் எலும்பில் அடி மச்சான். முவாய் தாயில் எல்லாரும் அப்படித்தான்.

பட்டர்வொர்த்_பிரபா: அவர் போட்டிக்குப் போகிறார் அண்ணே. உலக டேக்வாண்டோ விதிப்படி கணுக்கால் எலும்புக்குக் கீழே உள்ள பாகத்தால்தான் உதைக்கலாம். அடியைப் பதிவுசெய்யும் சென்சார் காலுறை போட்டு ஆடும் போட்டியில் ஷின்னை வைத்து என்ன செய்வது? மார்புக் கவசத்தில் பட்டால் 2 புள்ளி, தலையில் பட்டால் 3.

பழைய_பெல்ட்: சென்சார் வந்ததிலிருந்து உதை போய்விட்டது, உரசல்தான் மிச்சம். எங்கள் ஐடிஎஃப்பில் (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) முன்பாதத்தால் குத்துவது போல உதைப்போம். அந்த ஐடிஎஃப்பை 1966-இல் தொடங்கிய ஜெனரல் சோய் ஹொங் ஹி அதற்கு முன் தென் கொரியத் தூதராக இதே கோலாலம்பூரில் இருந்தவர். உங்கள் உலக டேக்வாண்டோ சங்கம் பிறந்ததே 1973-இல்தான்.

பட்டர்வொர்த்_பிரபா: வயதை வைத்துப் புள்ளி கொடுக்கிறார்களா என்ன? ஒலிம்பிக்கில் இருப்பது எது?

ஜிம்_ராஜா: சீலாட் (மலாய் தற்காப்புக் கலை) பையன்கள் தெண்டாங் சாபிட் என்கிற அரிவாள் உதை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்களும் புறங்காலில்தான், அடி இடி மாதிரி விழும். இடுப்பு இளகியிருப்பதால்தான் என்கிறேன்.

தாய்_பாக்சர்_கேஎல்: ஆரம்பித்துவிட்டார், இடுப்பு இடுப்பு என்று.

செந்தூல்_பையன்: பிளாட்டுக்குக் கீழே கார் பார்க்கில். தூணில் பேக் கட்டியிருக்கிறேன். சிமெண்ட் தரை என்பதால் ஓடும் ஷூ போட்டுக்கொள்வேன். ஏன் அக்கா?

மலர்_பினாங்கு: இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே! ஓடும் ஷூவின் அடிப்பாகம் தரையைப் பிடிப்பதற்கென்றே செய்தது. சொரசொரப்பான சிமெண்டில் பாதம் எப்படிச் சுழலும்? மேட் உள்ள இடத்துக்குப் போங்கள், வெறுங்காலோடு. கொஞ்ச நாளைக்குப் பேக்கே வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு வலது முட்டியைத் தூக்குங்கள், இடது முன்பாதத்தில் எழும்பிக் குதிகாலை முன்னால் கொண்டுவாருங்கள். அது பழகிய பிறகு காலை நீட்டுங்கள், அதுவும் மெதுவாக. அப்போதும் பாதம் முரண்டுபிடித்தால், உதைக்கும் முன்பே இடது பாதத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி வைத்துத் தொடங்கலாம். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். முட்டி வீங்கியிருந்தாலோ, மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ இது எதுவும் வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள். போட்டி எங்கேயும் ஓடிவிடாது.

பழைய_பெல்ட்: சுழல வேண்டும் என்று நானும் சொல்ல வந்தேன்.

தாய்_பாக்சர்_கேஎல்: எங்கே சொன்னீர்கள்? 1966-ஐத்தானே சொன்னீர்கள்.

செந்தூல்_பையன்: கிளப் மேட்டில் போட்டுப் பார்த்தேன். குதிகால் திரும்பியதும் பேக் மடங்குகிறது, சத்தமே வேறு. வீக்கம் இல்லை. வலி குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை, அதனால் நாளைக்குக் கிளினிக் போகிறேன். நன்றி அக்கா. ஷூவைப் பற்றி எங்கள் மாஸ்டர்கூடச் சொல்லவில்லை.

பழைய_பெல்ட்: மாஸ்டர் உங்கள் கார் பார்க்குக்கு வந்து பார்ப்பாரா தம்பி?